வந்தவர்கள் ஏன் நிற்பதில்லை?

2010இல் லெஸ்லி கர்ட்டிஸ், ஜோ மொரியார்ட்டி, ஆன் நெட்டன் ஆகிய மூவர் பிரிட்டனில் ஒரு கணக்குப் போட்டார்கள். சமூகப் பணிப் படிப்பை முடித்து வேலைக்கு வரும் ஒருவர் சராசரியாக எத்தனை ஆண்டு அந்தத் தொழிலில் நீடிப்பார்? படிக்கவைக்கச் செலவான பணம் எத்தனை ஆண்டு உழைப்பாகத் திரும்புகிறது என்று பார்ப்பதற்கான கணக்கு அது. மருத்துவருக்கு 25 ஆண்டு, செவிலியருக்கு 16 ஆண்டு என்று வந்தது. சமூகப் பணியாளருக்கு வந்த விடை 8.

குழந்தைகளோடும் குடும்பங்களோடும் வேலை செய்யும் சமூகப் பணியாளர்களை மட்டும் தனியாக எண்ணி, ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 30ஆம் தேதி நிலவரத்தை இங்கிலாந்தின் கல்வித் துறை வெளியிடுகிறது. 2022இல் முழுநேரக் கணக்கில் ஏறத்தாழ 31,600 பேர் பணியில் இருந்தார்கள். 7,900 இடங்கள் காலி, அதாவது ஐந்தில் ஒன்று. அந்த ஓராண்டில் புதிதாகச் சேர்ந்தவர்கள் 4,800 பேர், விலகியவர்கள் 5,400 பேர். கணக்கெடுப்பு இன்றைய வடிவத்துக்கு வந்த 2017க்குப் பிறகு மொத்த எண்ணிக்கை குறைந்தது அந்த ஆண்டுதான் முதல் முறை. அதன்பின் நிலைமை கொஞ்சம் தேறியிருக்கிறது. 2024இல் பணியில் இருந்தவர்கள் 34,300 பேர், காலியிடம் 17 சதவீத அளவில்.

சேர்ந்தவர்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஆயிரக்கணக்கானோர் ஆண்டுதோறும் இந்த வேலையைத் தேடி வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் நிற்காததுதான் சிக்கல். இருந்தும் கடந்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் இங்கிலாந்து அரசுகள் செலவழித்த கவனத்தில் பெரும்பங்கு ஆள் சேர்ப்பதற்கே போயிருக்கிறது. புதிய பயிற்சித் திட்டத்தை அமைச்சர் மேடையேறி அறிவிக்கலாம், விளம்பரம் செய்யலாம், முதல் அணியோடு படம் எடுத்துக்கொள்ளலாம். பத்தாண்டு அனுபவமுள்ள ஒருவர் வேலையை விடாமல் இருந்தார் என்பதை எந்த அமைச்சர் அறிவிக்க முடியும்?

இந்த வேலை எப்படிப்பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் குழந்தைப் பாதுகாப்பு உள்ளாட்சி மன்றங்களின் சட்டக் கடமை. 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்தில் 17ஆம் பிரிவு, தேவையில் இருக்கும் குழந்தைக்கு உதவச் சொல்கிறது. 47ஆம் பிரிவு, ஒரு குழந்தைக்குக் கடுமையான தீங்கு நேர்கிறது என்ற சந்தேகம் எழுந்தால் விசாரிக்கச் சொல்கிறது. பல ஊர்களில் இரண்டையும் செய்வது ஒரே ஆள்தான். காலையில் ஒரு வீட்டில் தாய்க்கு வாடகை உதவி விண்ணப்பம் நிரப்பித் தந்தவர், மதியம் இன்னொரு வீட்டில் குழந்தையின் படுக்கையையும் குளிர்சாதனப் பெட்டியில் என்ன இருக்கிறது என்பதையும் பார்த்துக் குறிப்பெடுப்பார். பள்ளிக்கூடம், மருத்துவமனை, போலீஸ் எல்லோரிடமும் பேசித் தகவல் திரட்டுவார். நிலைமை முற்றினால் குடும்ப நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டும். இந்தக் குழந்தை இந்தப் பெற்றோரிடம் இருப்பது பாதுகாப்பில்லை என்று, அந்தப் பெற்றோர் எதிரே உட்கார்ந்திருக்க, அவர்களுடைய வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்யச் செய்ய, தன் பெயரில் சொல்ல வேண்டும். மறுநாள் அதே பெற்றோரின் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். இப்படி ஒருவர் கையில் சராசரியாக 15, 16 குழந்தைகள். சராசரி என்றால் அதைவிட வெகு அதிகம் சுமப்பவர்களும் உண்டு.

கல்வித் துறை 2018 முதல் ஒரே பணியாளர்களிடம் ஆண்டுக்கு ஆண்டு திரும்பத் திரும்பக் கேட்டு ஒரு தொடர் ஆய்வு நடத்தியது. முதல் சுற்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் இந்த வேலை தங்களுக்கு நிறைவு தருகிறது என்றார்கள். பாதிப் பேர் வேலைப்பளு அளவு மீறிவிட்டது என்றும் சொன்னார்கள். இரண்டும் ஒரே கூட்டத்தின் வாயிலிருந்து வந்தவை. வேலை பிடிக்காமல் போகிறவர்கள் என்று இவர்களை நினைத்தால் முழுக் கதையும் தப்பாகிவிடும்.

கதை எங்கே கோணலாகத் திரும்பியது என்று பார்க்க 2000க்குப் போக வேண்டும். ஐவரி கோஸ்டிலிருந்து உறவுக்காரப் பெண்ணோடு லண்டனுக்கு வந்த விக்டோரியா க்ளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி, அந்தப் பெண்ணும் அவளுடைய துணைவனும் செய்த சித்திரவதையில் அந்த ஆண்டு பிப்ரவரியில் இறந்தாள். நான்கு உள்ளாட்சிகளின் சமூக சேவைத் துறைகள், இரண்டு மருத்துவமனைகள், போலீஸ் என்று அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய இடங்கள் பல. லார்டு லேமிங் தலைமையிலான விசாரணையின் அறிக்கை 2003 ஜனவரியில் வந்தது. அதில் நம் கேள்விக்கு நேராகத் தொடர்புடைய செய்தி ஒன்று இருக்கிறது. அவளைப் பற்றிய தகவல் முதலில் வந்து சேர்ந்த பிரெண்ட் உள்ளாட்சியில், புதிய வழக்குகளைப் பார்க்கும் பிரிவு முழுக்க வெளிநாட்டில் படித்துவிட்டுத் தற்காலிக ஒப்பந்தத்தில் வந்தவர்களாலேயே நிரம்பியிருந்தது. அவர்கள் திறமையற்றவர்கள் என்பதல்ல விஷயம். ஊரும் சட்டமும் பழகாத, நாளை இருப்பாரா என்று தெரியாத ஒருவரை மிகக் கடினமான வாசலில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று அன்றே தெரிந்துவிட்டது. அறிக்கையின் விளைவாக 2004இல் புதிய சட்டம் வந்தது. அமைப்புகள் மாறின, பதவிப் பெயர்கள் மாறின. தற்காலிகப் பணியாளர்களை நம்பியிருக்கும் வழக்கம் குறையவில்லை, பெருகியது.

அடுத்த இடி 2007 ஆகஸ்டில், வட லண்டனின் ஹாரிங்கேயில். பதினேழு மாதக் குழந்தை பீட்டர் கான்னலி வீட்டில் இறந்தான். உள்ளாட்சியின் பாதுகாப்புப் பட்டியலில் இருந்த குழந்தை அவன், அதிகாரிகள் பலமுறை பார்த்த குழந்தை. 2008 நவம்பரில் வழக்கு முடிந்ததும் ‘தி சன்’ நாளிதழ் சமூகப் பணியாளர்களை வேலையிலிருந்து நீக்கச் சொல்லிக் கையெழுத்து இயக்கம் தொடங்கியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். கல்வி அமைச்சர் எட் பால்ஸ், ஹாரிங்கே குழந்தைகள் துறை இயக்குநர் ஷாரன் ஷூஸ்மித்தைப் பதவியிலிருந்து அகற்றினார். அவர் தரப்பைக் கேட்காமல் செய்த அந்த நீக்கம் முறையற்றது என்று 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதற்குள் நாடு முழுதும் இந்தத் தொழிலில் இருந்தவர்கள் பாடம் கற்றுவிட்டார்கள்: கொன்றவர்களின் பெயரைவிடக் காப்பாற்றத் தவறியவர்களின் பெயர் நாளிதழில் பெரிதாக வரும்.

அந்தப் பாடம் வேலையின் குணத்தையே மாற்றியது. குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து எடுத்துக்கொள்ள நீதிமன்றத்தை நாடும் மனுக்கள் ஒரே ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடின. 47ஆம் பிரிவு விசாரணைகள் 2010ஐ ஒட்டி ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் குறைவாக இருந்தவை, 2022–23இல் 2,25,000 ஆயின. அவற்றில் குழந்தைப் பாதுகாப்புக் கூட்டம் கூட்டும் அளவுக்குப் போனவை ஏறத்தாழ மூன்றில் ஒன்றே. மிச்ச வீடுகளில் கதவைத் தட்டி, பயமுறுத்தி, கேள்வி கேட்டு, ஒன்றும் பெரிதாக இல்லை என்று எழுதி மூடிவிட்டுத் திரும்புகிறார்கள். இதே ஆண்டுகளில் சிக்கன நடவடிக்கை என்ற பேரில் உள்ளாட்சிகளுக்கு மத்திய நிதி வெட்டப்பட்டது. குடும்பம் சரியும் முன்பே கைகொடுக்கும் சேவைகள், ஷ்யூர் ஸ்டார்ட் நிலையங்கள், இளைஞர் மையங்கள் ஆகியவற்றுக்கான செலவு பாதி அளவுக்குச் சுருங்கியது. ஆக, உதவி செய்வதற்கென்று படித்து வந்த இருபத்து மூன்று வயதுப் பெண்ணின் கையில் உதவி என்று கொடுக்க எதுவும் இல்லை. விசாரணைப் படிவம் மட்டும் இருக்கிறது. அவர் ஏன் இரண்டாண்டில் போய்விட்டார் என்று ஆய்வு செய்கிறோம்.

லண்டன் பொருளியல் கல்லூரிப் பேராசிரியர் எய்லீன் மன்ரோ 2011இல் அரசுக்காக எழுதிய அறிக்கை இந்தத் துறையில் எழுதப்பட்டவற்றுள் இன்னமும் மிகத் தெளிவானது என்பேன். ஒவ்வொரு மரணத்துக்குப் பிறகும் விதிகளைக் கூட்டிக்கொண்டே போனதில், விதிப்படி நடந்தோமா என்பதே வேலையாகிவிட்டது, குழந்தைக்கு என்ன ஆயிற்று என்பது பின்னுக்குப் போய்விட்டது என்று அவர் காட்டினார். பல துறைகள் சேர்ந்து வேலை செய்வதற்கான அரசு வழிகாட்டி 2010இல் ஏறத்தாழ 400 பக்கம். மன்ரோவுக்குப் பிறகு 2013இல் அதை நூறு பக்கத்துக்குள் கொண்டுவந்தார்கள். பக்கம் குறைந்ததே தவிர கணினித் திரை சிறுக்கவில்லை. பணியாளர்கள் தங்கள் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே குடும்பங்களோடு கழிக்கிறார்கள் என்று பத்தாண்டு கழித்து வந்த இன்னோர் அரசு மதிப்பாய்வும் சொன்னது. மீதி நேரம் பதிவு, அறிக்கை, மின்னஞ்சல், கூட்டம், பயணம்.

இனி ஆள் சேர்த்த கதை. 2003இல் சமூகப் பணி மூன்றாண்டுப் பட்டப்படிப்பானது. 2005 முதல் பதிவு செய்தவர் மட்டுமே அந்தப் பெயரைப் பயன்படுத்தலாம் என்று சட்டம் வந்தது. வேறு பட்டம் பெற்றவர்களை விரைவாகப் பயிற்றுவித்துக் கொண்டுவரும் ‘ஸ்டெப் அப்’ திட்டம் 2010இல் தொடங்கியது. 2013இல் ஜோஷ் மெக்காலிஸ்டர் ‘ஃப்ரண்ட்லைன்’ அமைப்பைத் தொடங்கினார். பெரிய பல்கலைக்கழகங்களில் நல்ல மதிப்பெண் பெற்றவர்களைத் தேர்ந்து, ஒரு கோடைக்காலத் தீவிரப் பயிற்சி கொடுத்து, நேரே உள்ளாட்சிகளில் நான்கு நான்கு பேராக ஒரு மூத்த பணியாளரின் கீழ் அமர்த்துவது அதன் வழி. பள்ளி ஆசிரியர்களை இதே முறையில் சேர்த்த ‘டீச் ஃபர்ஸ்ட்’ அதற்கு முன்மாதிரி.

பல்கலைக்கழகத் துறைகள் இதைக் கடுமையாகத் தாக்கின. வறுமை, இனம், வர்க்கம் பற்றிய படிப்பைச் சுருக்கி, பளபளப்பான இளைஞர்களைக் குடும்பங்களுக்குள் அனுப்புகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. அதில் கொஞ்சம் உண்மையும் கொஞ்சம் பொறாமையும் இருந்தன. எனக்குப் படுவது வேறு. ஃப்ரண்ட்லைனில் உண்மையில் நன்றாக இருந்த அம்சம் பளபளப்பு அல்ல, அந்த நான்கு பேருக்கு ஒருவர் என்ற ஏற்பாடு. படிக்கும் ஆண்டில் ஒரு மூத்தவர் பக்கத்திலேயே இருக்கிறார், ஒவ்வொரு குடும்பத்தைப் பற்றியும் சேர்ந்து யோசிக்கிறார்கள். பயிற்சி முடிந்து சாதாரணக் குழுவுக்குள் போனதும் அது மறைந்துவிடுகிறது. 2012 முதல் எந்த வழியில் வந்தவருக்கும் முதல் ஆண்டில் குறைந்த வழக்குகள், கூடுதல் வழிகாட்டல், மதிப்பீடு என்று ஒரு முறை இருக்கிறது. காகிதத்தில் நல்ல திட்டம். பக்கத்து மேசைக்காரர் விலகிவிட்டால் அவருடைய வழக்குகளை யார் கையில் கொடுப்பது என்ற கேள்வி வரும்போது, குறைந்த வழக்கு என்ற வாக்குறுதி முதலில் காற்றில் போகிறது.

இதற்கிடையே தொழிலுக்கான அமைப்புகளும் நிலைக்கவில்லை. 2001இல் தொடங்கிய ஒழுங்குமுறைக் கழகத்தை 2012இல் கலைத்து அந்த வேலையைப் பல சுகாதாரத் தொழில்களுக்கான பொதுக் கழகத்திடம் தந்தார்கள். 2019 டிசம்பரில் அங்கிருந்து பிரித்து ‘சோஷியல் வொர்க் இங்கிலாந்து’ என்று புதிதாக அமைத்தார்கள். தொழிலுக்கென்று ஒரு தேசியக் கல்லூரி 2012இல் எழுந்து 2015இல் மூடப்பட்டது. மருத்துவர்களுக்குப் பல நூறாண்டு பழைய கல்லூரிகள் பின்னால் நிற்கின்றன. இவர்களுக்காகப் பேச அப்படி ஓர் இடம் நான்காண்டுகூடத் தாங்கவில்லை.

தற்காலிகமாக வரும் ஏஜென்சிப் பணியாளர்கள் விஷயத்துக்கு வருவோம். என் பார்வையில் முழுப் பிரச்சினையும் அங்கேதான் வெளிச்சமாகத் தெரிகிறது. 2023இல் இங்கிலாந்தின் குழந்தைகள் பிரிவில் ஏஜென்சி வழியாக வேலை செய்தவர்கள் 7,200 பேர், ஆறில் ஒருவருக்கும் மேல். இவர்கள் யார்? பெரும்பாலும் நேற்றுவரை உள்ளாட்சியின் நிரந்தரப் பணியாளர்களாக இருந்தவர்கள். நிரந்தர வேலையை விட்டு ஏஜென்சியில் பதிந்துகொண்டால் மணிக்கணக்குச் சம்பளம் கூடும். அலுவலக அரசியல் வேண்டாம். தாங்க முடியாவிட்டால் ஒரு வார அறிவிப்பில் கிளம்பலாம். பக்கத்து உள்ளாட்சியில், சில சமயம் விட்டுவந்த அதே கட்டடத்திலேயே, அதே வேலையைச் செய்யலாம். பக்கத்து நாற்காலியில் நிரந்தரமாக உட்கார்ந்திருப்பவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அவரும் ஒரு நாள் கணக்குப் போடுவார்.

ஏஜென்சிக்குப் போனவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்வது எளிது, இயக்குநர்கள் பலர் அப்படித்தான் பேசினார்கள். ஆனால் அவர்கள் குழந்தைகளை விட்டு ஓடவில்லை, அதே கடினமான வேலையைத்தான் தேர்ந்துகொண்டார்கள். உதறியது வேலையின் நிபந்தனைகளை. எத்தனை வழக்கு, எப்போது போதும் என்று சொல்லலாம், எப்போது விலகலாம் என்பதில் நிரந்தரப் பணியாளருக்குக் கிடைக்காத அதிகாரம் ஏஜென்சிப் பணியாளருக்குக் கிடைத்தது. அந்த அதிகாரத்துக்கு நாடு செலுத்தும் விலை, 2022இல் வந்த மதிப்பாய்வு ஒன்றின்படி, ஆண்டுக்கு 10 கோடி பவுண்டுக்கும் மேல். தனியாளை விட்டுவிட்டு மொத்தக் குழுவையே மேலாளரோடு சேர்த்து வாடகைக்குத் தரும் வியாபாரமும் நடந்தது. சில உள்ளாட்சிகள் ஒரு பணியாளர் வேண்டுமென்று கேட்டால், குழுவாகத்தான் கிடைக்கும் என்ற பதிலை வாங்கிக்கொண்டன.

இதோடு அரசின் ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டின் பரிசோதனையும் சேர்ந்துகொள்கிறது. பள்ளிகளைப் போலவே உள்ளாட்சியின் குழந்தைகள் துறைக்கும் அது தரம் போடுகிறது. ‘போதாது’ என்று முத்திரை விழுந்த ஊரில் இயக்குநர் போகிறார், அவர் கொண்டுவந்த முறை போகிறது, நல்ல பணியாளர்கள் பக்கத்து ஊருக்கு மாறுகிறார்கள், ஏஜென்சிச் செலவு ஏறுகிறது, அந்தச் செலவைச் சமாளிக்க ஆரம்பநிலை உதவிகள் வெட்டப்படுகின்றன. பரிசோதனையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் இருட்டில் கிடக்கும் துறைகள் உண்டு. முத்திரை குத்தியபின் என்ன என்பதற்கு விடை இல்லாததுதான் குறை.

விழுந்து எழுந்த ஊர்களும் உண்டு. லீட்ஸ் 2009–10இல் ‘போதாது’ நிலையில் இருந்தது. நைஜல் ரிச்சர்ட்சன் இயக்குநராக வந்தபின் ஊர் முழுக்க ஒரே அணுகுமுறையைப் பிடித்துக்கொண்டார்கள்: குடும்பத்தின் மேல் முடிவைத் திணிக்காமல், உறவினர்களைக் கூட்டி உட்காரவைத்து அவர்களோடு சேர்ந்து திட்டம் போடுவது. 2015இல் ‘நன்று’, 2018இல் ‘மிகச் சிறப்பு’. நாடெங்கும் அரசுப் பராமரிப்பில் இருக்கும் குழந்தைகள் கூடிக்கொண்டிருந்தபோது அங்கே குறைந்தார்கள். நார்த் யார்க்‌ஷயர் பல ஆண்டுகள் ஏஜென்சிப் பணியாளர்களே ஏறத்தாழ இல்லாமல் துறையை நடத்தியது. இரண்டு இடத்திலும் கண்ணைக் கவரும் மந்திரம் ஏதும் இல்லை. ஒரே தலைமை நீண்ட காலம் இருந்தது, ஒரே முறையை மாற்றாமல் பின்பற்றினார்கள், குடும்பங்களுக்குக் கொடுக்கக் கையில் ஏதோ வைத்திருந்தார்கள்.

லண்டனின் ஹாக்னி உள்ளாட்சி செய்த சோதனை இன்னும் சுவையானது. 2008 வாக்கில் ஸ்டீவ் குட்மேனும் இசபெல் ட்ரோலரும் அங்கே வழக்கமான குழுக்களைக் கலைத்துச் சின்னச் சின்னப் பிரிவுகளாக்கினார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மூத்த பணியாளர், ஒரு சமூகப் பணியாளர், குழந்தைகளோடு நேரடியாக வேலை செய்பவர், குடும்ப உளவியல் சிகிச்சையாளர், அலுவலக வேலையைப் பார்த்துக்கொள்ளும் ஒருங்கிணைப்பாளர். வழக்கு ஒருவருடையதல்ல, பிரிவுடையது. வாரந்தோறும் ஐந்து பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் பேசுவார்கள். 2010இல் வந்த மதிப்பீட்டில் பணியாளர்களின் நோய்விடுப்பு நாட்கள் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தன, மொத்தச் செலவும் சற்றுக் குறைந்திருந்தது. ட்ரோலர் 2013இல் குழந்தைகள், குடும்பங்களுக்கான இங்கிலாந்தின் தலைமைச் சமூகப் பணியாளரானார். ஹாக்னியைப் பார்த்து மற்ற ஊர்கள் நகல் எடுத்தன. எடுத்தபோது பல இடங்களில் சிகிச்சையாளரையும் ஒருங்கிணைப்பாளரையும் செலவு என்று விட்டுவிட்டார்கள். அதே ஹாக்னி 2019இல் ஆஃப்ஸ்டெட்டிடம் ‘மேம்பாடு தேவை’ என்ற தரத்தை வாங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உருவாக்கியவர்கள் போனபின் எந்த முறையும் தானாக நிற்காது போலும்.

ஹாக்னி பிரிவுகளின் வாராந்திரக் கூட்டம் செய்ததைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஒரு பணியாளர் வீட்டுக்குப் போகிறார். தந்தை மரியாதையாகப் பேசுகிறார், குழந்தை சிரிக்கவில்லை. ஏதோ சரியில்லை என்று உள்ளுக்குள் படுகிறது, காரணம் சொல்லத் தெரியவில்லை. தந்தையைக் கண்டு தானே கொஞ்சம் பயந்துவிட்டோம், அதனால்தான் மாடி அறையைக் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை என்பதை ஒத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும். நல்ல மேற்பார்வையாளர் அந்த இடம். ‘உன் பயமே ஒரு தகவல், அந்த வீட்டில் இருக்கும் குழந்தைக்கு எப்படி இருக்கும்?’ என்று கேட்பவர். மோசமான மேற்பார்வை என்பது 28 நாள் கெடு முடிந்த படிவங்களின் பட்டியலைச் சரிபார்ப்பது. பெயர் இரண்டுக்கும் ஒன்றுதான், மாதமொருமுறை என்ற விதியும் ஒன்றுதான், ஆவணத்தில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். முதல் வகை கிடைத்தவர்கள் கடினமான ஊரிலும் நிற்கிறார்கள். இரண்டாம் வகை மட்டுமே கிடைத்தவர்கள் இரவில் படுக்கையில் விழித்துக்கொண்டு அந்த மாடி அறையைப் பற்றி யோசிக்கிறார்கள், பிறகு ஒரு நாள் விலகல் கடிதம் எழுதுகிறார்கள். இதற்கு மாற்றாக ஊக்கத்தொகை, பாராட்டுக் கடிதம் என்று எத்தனையோ முயன்றிருக்கிறார்கள். அலுவலகத்தில் இலவச காபி கொடுத்தால் பணியாளர்கள் நலமாக இருப்பார்களா என்றுகூட ஓர் ஆய்வு மையம் முறைப்படி சோதித்துப் பார்த்தது. காபியைக் குறை சொல்வதற்கில்லை.

சம்பளம் பற்றி நீட்டத் தேவையில்லை. தொடக்கத்தில் ஆண்டுக்கு முப்பதாயிரம் பவுண்டுக்குச் சற்று மேல், லண்டன் வாடகைக்கு அது போதாது, ஆனால் விலகலுக்கு முதல் காரணம் அதுவல்ல. இதைவிட முக்கியமானது பணியாளர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்குப் பெண்கள் என்பது. பலர் வேலைக்கு வந்த சில ஆண்டில் தாயாகிறார்கள். மாலை ஏழு மணிக்கு ஒரு குழந்தைக்கு அவசரமாகத் தங்குமிடம் தேட வேண்டிய வேலையும், ஆறு மணிக்குக் காப்பகத்திலிருந்து தன் குழந்தையை அழைத்துவர வேண்டிய வீடும் சேர்ந்து போவதில்லை. பகுதிநேர வேலை கொடுத்த ஊர்களிலும் வழக்குகள் பகுதியாகக் குறையவில்லை.

காலியிடத்தை நிரப்ப வெளிநாட்டிலிருந்து அழைத்துவருவது பழைய வழி. பிரெண்டில் 2000க்கு முன்பே இருந்தது. பிறகு ஜிம்பாப்வே, தென்னாப்பிரிக்கா, இந்தியா என்று போய் நேர்காணல் நடத்தினார்கள். ஜிம்பாப்வேயில் பயின்ற சமூகப் பணியாளர்களில் கணிசமானோர் பிரிட்டனுக்கே போய்விட்டதால் அந்த நாட்டின் குழந்தைகளுக்கு யார் என்ற கேள்வியை அங்குள்ளோர் நெடுங்காலமாகக் கேட்கிறார்கள். நம் பக்கமும் இதற்குக் காரணம் உண்டு. சென்னை சமூகப் பணிக் கல்லூரி 1952 முதல் இருக்கிறது, மாநிலமெங்கும் முதுகலைச் சமூகப் பணி படித்தவர்கள் ஆண்டுதோறும் வெளியே வருகிறார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப் பணியாளர் இடத்துக்கு விளம்பரத்தில் வருவது ஒப்பந்த அடிப்படை, மாதம் 18,536 ரூபாய் தொகுப்பூதியம். லண்டன் உள்ளாட்சி ஒன்றின் அழைப்பைக் கண்டால் அவர்கள் ஏன் விண்ணப்பிக்க மாட்டார்கள்? போனபின் மன்றத்தின் எதிர்பார்ப்பு ஒன்று, இவர்களுடைய அனுபவம் வேறொன்று. இங்கே ஊர்ப் பெரியவரையும் பள்ளித் தலைமையாசிரியரையும் பிடித்துப் பேசித் தீர்த்து வந்தவருக்கு, அங்கே நீதிமன்றத்துக்கான முப்பது பக்க அறிக்கையும் தனியாளாக எடுக்க வேண்டிய முடிவும் புதியவை. முதல் ஆண்டு முழுக்கப் பக்கத்தில் ஒரு மூத்தவர் இருந்தால் பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். அந்த மூத்தவர் இல்லாததால்தானே இவர்களை அழைத்தார்கள்.

பணியாளர் மாறிக்கொண்டே இருப்பதன் பொருள் குடும்பத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னும் கசப்பானது. லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் உள்ள ஈழத் தமிழ்க் குடும்பங்களில் ‘சோசல் வேர்க்கர் வந்தா பிள்ளையளைக் கொண்டு போயிடுவினம்’ என்ற பேச்சு பழையது. அப்படிப் பயந்த தாய் மொழிபெயர்ப்பாளர் வழியாக, மாதக்கணக்கில் மெல்ல மெல்ல, வீட்டில் நடப்பதை ஒருவரிடம் சொல்லத் தொடங்குகிறாள். நான்காம் மாதம் புதிய முகம் வருகிறது. முதலிலிருந்து சொல்லச் சொல்கிறது. போர்க்காலத்தில் நடந்தது, கணவனின் குடி, அடி, எல்லாம் இன்னொரு முறை. மூன்றாம் முகம் வரும்போது அவள் வாயை மூடிக்கொள்கிறாள், கோப்பில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று பதிவாகிறது. அரசுப் பராமரிப்பில் வளர்ந்து பெரியவர்களான எந்த நாட்டவரைக் கேட்டாலும், தங்களுக்கு எத்தனை பணியாளர்கள் மாறினார்கள் என்பதைத்தான் முதலில் சொல்வார்கள்.

2022 மே மாதம் குழந்தைகள் சமூகப் பராமரிப்பு பற்றிய சுயாதீன மதிப்பாய்வு வெளிவந்தது. தலைமை வகித்தவர் ஃப்ரண்ட்லைனைத் தொடங்கிய அதே ஜோஷ் மெக்காலிஸ்டர். ஆள் சேர்ப்பதில் பெயர் வாங்கியவர் எழுதிய அறிக்கை, வந்தவரை வளர்த்தெடுப்பதற்கே அழுத்தம் கொடுத்தது. முதல் ஐந்தாண்டுக்குத் தொடர் பயிற்சி, அது முடிந்தால் தேர்ந்த பணியாளர் என்ற நிலையும் அதற்கேற்ற சம்பளமும், மேலாளராகாமல் குடும்பங்களோடேயே இருந்து உயர ஒரு பாதை. இந்தக் கடைசி யோசனை நெடுநாள் குறையைத் தொடுகிறது. நன்றாக வேலை செய்பவருக்கு இன்றுள்ள ஒரே பரிசு அந்த வேலையிலிருந்து எடுத்து மேசைக்குப் பின்னால் உட்காரவைப்பதுதான். மதிப்பாய்வு கேட்ட பணம் நான்காண்டில் இருநூற்று அறுபது கோடி பவுண்டு. 2023 பிப்ரவரியில் அரசு கொடுக்க ஒப்புக்கொண்டது இருபது கோடி, அதுவும் சோதனைத் திட்டங்களுக்கு.

பணம் கேட்காத பகுதி விரைவாக நடந்தது. 2024 அக்டோபர் 31 முதல் ஏஜென்சிப் பணியாளர்களுக்குச் சட்ட வலுவுள்ள விதிமுறை வந்திருக்கிறது. நிரந்தர வேலையை விட்டவர் அதே வட்டாரத்தில் மூன்று மாதம் ஏஜென்சி வழியாகச் சேர முடியாது. உள்ளாட்சியில் மூன்றாண்டு நேரடி அனுபவம் இல்லாதவர் ஏஜென்சிக்கே போக முடியாது. வட்டாரத்துக்கு வட்டாரம் மணிக்கூலிக்கு உச்சவரம்பு. விதி வருவதற்கு முன்பே, 2024 செப்டம்பர் கணக்கிலேயே, ஏஜென்சிப் பணியாளர்கள் 7,200இலிருந்து 6,500 அளவுக்குக் குறைந்திருந்தார்கள், விலகல் விகிதமும் 14 சதவீதத்துக்குக் கீழே வந்திருந்தது. இது நல்ல செய்தி. ஆனால் வெளியே போகும் கதவைச் சாத்துவது நிற்பதற்கான காரணத்தைத் தருவதாகாது. ஏஜென்சி என்ற வடிகாலும் இல்லையென்றால் சிலர் உள்ளாட்சிக்குத் திரும்புவார்கள், சிலர் தொழிலையே விட்டுப் பள்ளிக்கோ தொண்டு நிறுவனத்துக்கோ போவார்கள். எவர் எத்தனை என்பது இன்னும் இரண்டு மூன்று ஆண்டுக் கணக்குகளில் தெரியும்.

அந்தக் கணக்குகளில் நான் முதலில் பார்ப்பது காலியிடப் பத்தியை அல்ல, அனுபவப் பத்தியை. இங்கிலாந்தின் குழந்தைகள் சமூகப் பணியாளர்களில் பத்தில் ஆறு பேர் அளவுக்குத் தாம் இருக்கும் உள்ளாட்சியில் ஐந்தாண்டு முடிக்காதவர்கள். நான்காண்டு அனுபவக்காரர் மேற்பார்வையாளராகி, ஓராண்டு அனுபவக்காரருக்கு, குழந்தையை இன்றிரவு அந்த வீட்டில் விடலாமா என்பதில் வழிகாட்டுகிறார். புதியவர்களை எத்தனை ஆயிரம் சேர்த்தாலும் அவர்களுக்கு முன்னால் உட்கார்ந்து ‘நீ அந்த வீட்டில் பயந்தாயா?’ என்று கேட்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் உருவாகப் பத்தாண்டு பிடிக்கிறது, கர்ட்டிஸும் மற்றவர்களும் கணக்கிட்டதோ எட்டு.